வெள்ளிப் பூணும் விடிவெள்ளியும்: கண்ணாடி உரசுகலங்களின் காலக்கணிப்பு

கைக்குள் அடங்கும் கனத்த கண்ணாடி உருண்டை. அதன் உச்சியில் ஒரு குழி. குழியின் வாயைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பூண். உருண்டையின் உடலைச் சுற்றி மேலிருந்து கீழாக அடுக்கடுக்கான பள்ளவரிகள். முன்பின் அறியாதவர் இதனை மைக்கூடு என்பர். சிலர் ஒற்றைப் பூ வைக்கும் சாடி என்பர். பழம்பொருள் வணிகரிலும் இவ்வாறு மயங்குவோர் உண்டு. உண்மையில் இது தீக்குச்சிகளை நிறுத்தி வைக்கவும், அவற்றுள் ஒன்றை எடுத்து அதே கலத்தின் வரிகளில் உரசிப் பற்றவைக்கவும் செய்யப்பட்ட பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளிலும், அதனைத் தொடர்ந்து முதல் உலகப் போர் வரையிலும், இங்கிலாந்தின் வசதிமிக்க இல்லங்களில் புகைபிடிக்கும் அறையிலும் எழுதும் மேசையிலும் இது இடம்பெற்றிருந்தது. தமிழில் இதற்கு வழக்குச் சொல் இல்லை. இக்கட்டுரையில் 'உரசுகலம்' என்று வழங்கப்பெறுகிறது.

இத்தகைய கலம் ஒன்று கிடைத்தால் அதன் காலத்தை எவ்வாறு துணிவது? இலக்கியக் காலக்கணிப்பில் பழகிய தமிழ் வாசகர்க்கு இந்த வினா புதியதன்று. நூலின் உள்ளே கிடைக்கும் சொல்லும் செய்தியும் அகச்சான்று. கல்வெட்டும் பிறர் குறிப்பும் புறச்சான்று. இரண்டும் ஒன்றையொன்று தாங்கினால்தான் காலம் நிலைபெறும். உரசுகலத்திற்கும் இதே நெறி பொருந்தும். கண்ணாடியின் செய்ந்நேர்த்தி அகச்சான்று. கலத்தோடு இணைந்த வெள்ளிப் பூணின் முத்திரைகள், கல்வெட்டை ஒத்த எழுத்துச்சான்று. இவ்விரண்டினும் முந்திய மூன்றாவது சான்று ஒன்று உண்டு. அது கலத்தில் இன்று இல்லாத பொருள்: தீக்குச்சி.

தீயை மரத்திற்குள் உறங்குவதாகக் கண்டவர் பண்டைத் தமிழர். கூரையின் இறப்பிலே செருகிவைத்த ஞெலிகோலை அதியமான் நெடுமான் அஞ்சிக்கு உவமையாக்கினார் அவ்வையார். வேண்டும்போது கடைந்தால் தீ எழும். வேண்டாதபோது அது வெறுங்கோல். ஞெலிகோலுக்குக் கடையும் உழைப்பு வேண்டும். ஒரே உரசலில் தீப்பற்றும் குச்சி தோன்றியது 1827இல்தான். வட இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை நடத்திய ஜான் வாக்கர், அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் தம் உரசுகுச்சிகளை விற்றதைக் கணக்கேட்டில் பதிந்துள்ளார். குச்சிகளோடு மடித்த உப்புத்தாள் ஒன்றும் தந்தார். அதன் மடிப்புக்குள் குச்சியை அழுத்தி இழுத்தால் தீப்பற்றும். அவர் காப்புரிமை பெறவில்லை. விரைவிலேயே லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பார் அதே குச்சிகளை 'லூசிபர்' என்னும் பெயரால் விற்கத் தொடங்கினார். எனவே உரசுகலம் எதுவும் 1827க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. காலக்கணிப்பின் மேலெல்லை இதுவே.

1830ஐ ஒட்டிப் பிரான்சில் சார்ல் சோரியா என்பவர் குச்சியின் மருந்தில் வெண்பாஸ்பரஸைச் சேர்த்தார். அதன்பின் குச்சி எளிதில் பற்றியது, உப்புத்தாளும் வேண்டாததாயிற்று. சுவரிலோ கல்லிலோ செருப்பின் அடியிலோ எங்கு உரசினும் தீ வந்தது. கண்ணாடி உரசுகலம் என்ற பொருள் தோன்ற இக்குச்சியே வழிசெய்தது. கண்ணாடி வரியில் மருந்து ஏதும் பூசப்பட்டிருக்கவில்லை. சொரசொரப்பு மட்டுமே உண்டு. பக்கத்தில் மருந்துப் பட்டை பூசிய பெட்டியோடு வரும் காப்புத் தீக்குச்சி இவ்வரிகளில் எளிதில் பற்றாது. அந்தப் பட்டையில் செம்பாஸ்பரஸ் இருக்கிறது. அதனோடு உரசும்போதே குச்சி தீக்கொள்ளும். சுவீடனில் குஸ்டாவ் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்ற அம்முறையை யோன்ஷோப்பிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறப்பினர் செம்மைப்படுத்தி, 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றனர். ஆக, நஞ்சற்ற குச்சி ஐரோப்பியச் சந்தைக்கு வந்து ஒரு தலைமுறை கடந்த பின்னரே கண்ணாடி உரசுகலம் செல்வர் மேசைகளில் பெருகியது. காலவரிசையில் இது எளிதாகக் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. கலத்தின் வரிகளே, அதில் வைக்கப்பெற்றது எந்தக் குச்சி என்பதற்குச் சாட்சி.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் இவ்விடத்தில் ஒரு கணம் நிற்கலாம். 'பாஸ்பரஸ்' என்பது கிரேக்கச் சொல். 'லூசிபர்' என்பது இலத்தீன் சொல். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ஒளியைக் கொணர்வது. இரண்டுமே விடியற்காலையில் தோன்றும் வெள்ளிமீனுக்கு வழங்கிய பெயர்கள். உரசுகலத்தின் வாயில் இருப்பதும் வெள்ளி. வயிற்றில் நின்றதும் விடிவெள்ளி. இந்தச் சிலேடை தமிழில் வாய்ப்பது.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு 1745 முதல் எடையளவில் வரி விதிக்கப்பெற்று, 1845இல் அது நீக்கப்பெற்றது. அதன் பின்னரே கனத்த கண்ணாடியைத் தாராளமாகச் செலவிடும் வேலைப்பாடுகள் பெருகின. நல்ல உரசுகலம் காரீயம் கலந்த கண்ணாடியால் ஆனது. கையில் எடுத்தவுடன் எதிர்பாராத எடை தெரியும். புறஊதா விளக்கின் கீழ் அக்கண்ணாடி பெரும்பாலும் இளநீலச் சாயலில் ஒளிரும். வரிகளைத் தடவிப் பார்ப்பது அதனினும் பயனுடையது. சுழலும் சக்கரத்தில் அறுத்த வரியின் விளிம்பு கூர்மையானது. விரல் நகம் அதில் தடைப்படும். அச்சில் அழுத்தி வார்த்த வரியின் விளிம்பு மழுங்கியது. அத்துடன் அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் மெல்லிய தழும்பு மேலிருந்து கீழாக ஓடும். அச்சுக் கலங்கள் மலிவானவை. எனினும் அவற்றுள் சிலவற்றில் செய்தவர் அடையாளம் கிடைக்கும். கேட்ஸ்ஹெட் நகரின் சவர்பி ஆலை 1876 முதல் தன் அச்சுக் கண்ணாடியில் மயில்தலைச் சின்னம் பொறித்தது. வடிவமைப்பைப் பதிவு செய்த பொருள்களில் 1842 முதல் 1883 வரை சாய்சதுர முத்திரையும், 1884 முதல் வரிசையெண்ணும் இருக்கும். அவ்வெண் ஏறத்தாழ மூன்றரை இலட்சத்தைத் தொடும்போது 1900ஆம் ஆண்டு பிறந்துவிடும்.

தேய்மானமும் பேசும். மேசைமீது பல்லாண்டுகள் நகர்த்தப்பெற்ற கலத்தின் அடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், பல திசைகளில் ஓடும் மெல்லிய கீறல்கள் இருக்கும். உப்புத்தாளால் செயற்கையாகத் தேய்த்த கீறல் ஒரே திசையில், தொடாத இடத்திலும் பரவியிருக்கும். வரிகளின் இடுக்கில் பழுப்புக்கறை படிந்திருந்தால் அது பயன்பட்ட கலம். கறையைச் சுரண்டிக் கழுவிப் பளபளப்பாக்கி விற்பவர், தாம் அழிப்பது சான்றையே என்பதை உணர்வதில்லை.

ஆனாலும் கண்ணாடி தன் பிறந்த ஆண்டைச் சொல்லாது. அதனைச் சொல்வது வெள்ளிப் பூண். பொன்னையும் வெள்ளியையும் மாற்றுக் கண்டு முத்திரையிடும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலமாகச் சட்டத்தால் காக்கப்பெற்றது. ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்னும் தரத்தைக் குறிக்கும். நகருக்கு ஒரு சின்னம் உண்டு: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, 1773இல் நிறுவப்பெற்ற பர்மிங்காம் நிலையத்துக்கு நங்கூரம், 1962இல் மூடப்பெற்ற செஸ்டர் நிலையத்துக்கு வாளும் மூன்று கோதுமைக் கதிர்க்கட்டுகளும். செய்தவரின் பெயர் முதலெழுத்துகள் தனியே இருக்கும். இவற்றோடு ஆண்டுக்கு ஓர் எழுத்தும் பொறிக்கப்பெறும். பூண் மெல்லியதாகையால் முத்திரைகள் தேய்ந்து மங்கியிருப்பதுண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியும் சாய்ந்த ஒளியும் இன்றியமையாதவை.

ஆண்டெழுத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நெடுங்கணக்கு முடிந்ததும் எழுத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பர்மிங்காமில் 1875இலும் முதலெழுத்து, 1900இலும் முதலெழுத்து. இரண்டையும் பிரித்தறிவது எழுத்தின் வடிவத்தால்தான். 1875இல் தொடங்கிய வரிசை கோதிக் எனப்படும் பழைய அடர்வடிவச் சிறிய எழுத்து. 1900இல் தொடங்கியது எளிய உரோமச் சிறிய எழுத்து. கோதிக் வடிவில் 'சி' இருந்தால் ஆண்டு 1877; எளிய வடிவில் இருந்தால் 1902. வட்டெழுத்தா தமிழெழுத்தா, எழுத்தின் வளைவு எந்நூற்றாண்டினது என்று பார்த்துக் கல்வெட்டுக்குக் காலம் வகுக்கும் கலையே இங்குச் சிற்றுருவில் நடைபெறுகிறது.

துணைச்சான்றும் உண்டு. வெள்ளிக்குத் தீர்வை செலுத்தப்பெற்றதைக் காட்ட அரசர் அல்லது அரசியின் தலையுருவம் பொறிக்கப்பெற்றது. அத்தீர்வை 1890இல் நீக்கப்பெற்றது. ஆகவே விக்டோரியா அரசியின் தலை இருக்கும் பூண் 1890க்குப் பிற்பட்டதாக இருத்தல் அரிது. தலை இல்லை என்பதை மட்டும் கொண்டு அது 1890க்குப் பிந்தியது என்று முடிவு கட்டுதல் தகாது. சிறு பொருள்களில் முத்திரைகள் முழுமையாக அமையாமையும் உண்டு. இருப்பது சான்று, இல்லாமை ஐயம் மட்டுமே. ஒரு புலவரை ஒரு நூல் குறிக்கவில்லை என்பதனாலேயே அப்புலவர் அந்நூலுக்குப் பிற்பட்டவர் என்று எழுதும் இலக்கிய வரலாற்றாசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

எழுத்தாகத் தோன்றுவனவெல்லாம் ஆண்டெழுத்து ஆகா. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, உள்ளே வேறு உலோகமும் மேலே வெள்ளியும் கொண்ட பூண்கள் மலிந்தன. அவற்றில் 'ஈ.பி.என்.எஸ்.' என்னும் நான்கு எழுத்துகளைத் தனித்தனிக் கேடயங்களுக்குள் பொறித்து, மாற்று முத்திரைபோல் தோன்றச் செய்வர். அங்கே சிங்கம் இராது. சிங்கம் இல்லாத பூணை வெள்ளி என்று நம்பி வாங்குபவர் தம் கண்களையே குறைகூற வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை. முத்திரை காலம் கூறுவது பூணுக்கே, கண்ணாடிக்கன்று. கண்ணாடி உடையும், வெள்ளி உடையாது. உடைந்த கலத்தின் பூணை வேறொரு கலத்தில் பொருத்துவதுண்டு. வாசனைப் புட்டியின் பூணை உரசுகலத்துக்கு ஏற்றுவதும் உண்டு. இத்தகைய பூண்கள் பெரும்பாலும் பாரிஸ் சாந்து கொண்டு கண்ணாடியில் பொருத்தப்பெற்றவை. பழைய சாந்து மஞ்சள் பாய்ந்து விளிம்பில் உதிர்ந்திருக்கும். தூய வெண்மையான சாந்தோ பளிச்சிடும் பசையோ தென்பட்டால், பூணும் கலமும் ஒரே நாளில் கூடியவை அல்ல என்று கொள்ளலாம். கண்ணாடியின் வாயளவும் பூணின் சுற்றளவும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்பதே இறுதித் தேர்வு. இடைச்செருகலைக் கண்டறியும் பதிப்பாசிரியரின் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

பிற நாட்டுக் கலங்களைப் பற்றிச் சிறிது கூறலாம். பிரான்சில் இது 'பிரோஜென்' எனப்பட்டது. காபிக்கடை மேசைகளில் மதுவகைகளின் விளம்பரப் பெயரோடு வைக்கப்பெற்றது. அவை பெரும்பாலும் பீங்கான், கண்ணாடியும் உண்டு. அங்கே தீக்குச்சி 1872 முதல் அரசின் தனியுரிமை. அமெரிக்காவின் அச்சுக் கண்ணாடிக் கலங்களைப் பல்குச்சிக் கலங்களிலிருந்து பிரித்தறிவது கடினம். உரசும் வரி இருக்கிறதா என்பதே பெரிதும் வேறுபாடு. இங்கிலாந்திலேயே 'படுக்கைக்குச் செல்' என்று பொருள்படும் பெயருடைய சிறு கலம் ஒன்று உண்டு. அதன் மூடியில் ஒரே ஒரு துளை. பற்றவைத்த குச்சியை அதில் நிறுத்திவிட்டு, அது அணைவதற்குள் படுக்கையில் ஏறிவிடுவர். ஓர் இரவின் கடைசி வெளிச்சத்தை இத்துணைக் கச்சிதமாக அளந்த வேறு பொருள் இல்லை எனலாம்.

பூணின் எழுத்துக்குத் திரும்புவோம். பர்மிங்காமில் ஆண்டெழுத்து மாறுவது ஜூலை மாதத்தில். நங்கூரமும் சிங்கமும் அரசியின் தலையும் கோதிக் வடிவிலான 'ஓ' எழுத்தும் சேர்ந்து காணப்பட்டால், அப்பூண் 1888 ஜூலைக்கும் 1889 கோடைக்கும் இடையில் மாற்றுக் காணப்பெற்றது. அந்த 1888 ஜூலையின் முதல் வாரத்திலேதான் கிழக்கு லண்டனின் போ பகுதியில், பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையிலிருந்து ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலையை விட்டு வெளியேறினர்.

வெண்பாஸ்பரஸின் ஆவி தாடை எலும்பை அரிக்கும் என்பது புதிய செய்தியாக இருக்கவில்லை. வியன்னாவின் மருத்துவர் லோரின்சர் 1845லேயே அந்நோயை விவரித்திருந்தார். பல்வலியாகத் தொடங்கி, ஈறு வீங்கி, எலும்பு அழுகி, தாடையை அறுத்து நீக்கினால்தான் உயிர் தங்கும் என்ற நிலை வரை செல்லும். 1888 ஜூன் 23ஆம் நாள் 'தி லிங்க்' இதழில் அன்னி பெசன்ட் எழுதிய கட்டுரை அந்த ஆலையின் கூலிக் கணக்கை வெளியிட்டது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாரக்கூலி நான்கு ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் மூன்று பென்ஸ் அபராதம். எரிந்த குச்சியை வேலைப்பலகைமீது வைத்தால் ஒரு ஷில்லிங். பங்குதாரர்களுக்கோ நூற்றுக்கு 23 விழுக்காடு ஆதாயம். அக்கட்டுரை பொய் என்று கையெழுத்திட்டுத் தருமாறு நிருவாகம் கேட்டது, தொழிலாளர் மறுத்தனர். அதனை ஒட்டி ஒரு பெண் வேலைநீக்கம் செய்யப்பெற்றதும் வேலைநிறுத்தம் மூண்டது.

நெடுங்காலம் இவ்வரலாறு பெசன்ட் அம்மையாரை மட்டும் நடுநாயகமாக்கி எழுதப்பட்டு வந்தது. லூயிஸ் ரா என்னும் வரலாற்றாசிரியரின் பிற்கால ஆய்வு, போராட்டத்தைத் தொடங்கி நடத்தியவர்கள் அப்பெண்களே என்று நிறுவியது. சேரா சாப்மன், மேரி டிரிஸ்கல், ஈலைசா மார்ட்டின் முதலிய பெயர்கள் அதன் பின்னரே பரவலாக அறியப்பட்டன. இரண்டு வாரங்களில் நிருவாகம் இணங்கியது. அபராதங்கள் நீங்கின, சங்கம் அமைந்தது, நஞ்சு படியாத தனியிடத்தில் உணவுண்ண வழி பிறந்தது. நஞ்சு மட்டும் ஆலையை விட்டு நீங்கவில்லை. 1898இல் தாடைநோய்க்கு ஆளான 17 பேரைப் பற்றி அரசுக்கு அறிவிக்காமல் மறைத்தமைக்காக அதே நிறுவனம் தண்டிக்கப்பெற்றது. தண்டம் இருபத்தைந்து பவுனைச் சிறிதே மிஞ்சியது.

அவ்வாண்டிலேயே பிரான்சில் செவேன், காஎன் என்னும் இரு வேதியியலார், எங்கு உரசினும் பற்றக்கூடிய, ஆனால் தாடையை அரிக்காத பாஸ்பரஸ் கூட்டுப்பொருளால் குச்சி செய்யும் வழியைக் கண்டனர். 1901இல் பிரையண்ட் அண்டு மே ஆலை வெண்பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் அதனை விலக்க உடன்பட்டன. பிரிட்டனில் 1908இல் இயற்றப்பெற்ற சட்டம் 1910 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உரசுகலத்தின் வடிவம் மட்டும் இதனால் மாறவில்லை. புதிய குச்சியும் அதே வரிகளில் உரசியே பற்றியது. 1885ஆம் ஆண்டின் கலத்தையும் 1912ஆம் ஆண்டின் கலத்தையும் அருகருகே வைத்தால் கண்ணாடியில் வேறுபாடு காண்பது அரிது. பூணின் எழுத்தொன்றே, அதில் முதன்முதலாக நிறுத்தப்பெற்ற குச்சி எத்தகையது என்பதைச் சொல்லும். சேகரிப்போர் கையேடுகள் இவ்வெழுத்தை விலை மதிப்பதற்கே பயன்படுத்துகின்றன. அதனினும் பெரிய பயன் அதற்குண்டு.

தீக்குச்சிப் பெண்களுக்காக எழுதிய பெசன்ட் 1893 நவம்பரில் கொழும்பிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கினார். பின்னர்ச் சென்னை அடையாற்றைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டு 1933இல் அங்கேயே மறைந்தார். அவர் இறங்கிய கரிசல் மண்ணில் அன்று தீப்பெட்டித் தொழில் இல்லை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்தது 1920களின் தொடக்கத்தில். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1913இல், வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளை இந்தியாவில் சட்டம் விலக்கியிருந்தது. சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் பிற துயரங்கள் வாய்த்தன, தாடைநோய் வாய்க்கவில்லை. போ நகரப் பெண்களுக்குத் தென்பாண்டி நாடு பட்டிருக்கும் கடன் இது.

போ ஆலை 1979இல் மூடப்பெற்று, பின்னர்க் குடியிருப்பாக மாற்றப்பெற்றது. 2022 ஜூலையில் அதன் சுவரில் வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீலப் பலகை பதிக்கப்பெற்றது. சேரா சாப்மன் 1945இல் தம் 83ஆம் வயதில் மறைந்தார். கிழக்கு லண்டனின் மேனர் பார்க் இடுகாட்டில் பெயர் பொறித்த கல் ஏதுமின்றிப் புதைக்கப்பெற்றார்.